இரண்டு ஆம்ப், மூன்று கம்பி

கொஞ்சம் விலை கூடிய டவர் ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் இரண்டு திருகுமுனைகளுக்குப் பதில் நான்கு இருக்கும். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. மேல் சிவப்பையும் கீழ்ச் சிவப்பையும் தங்க நிறத் தகடு ஒன்று இணைத்திருக்கும். கறுப்புக்கு இன்னொரு தகடு. வாங்கியவர்களில் பலர் அதைத் தொடுவதே இல்லை. தொடுகிறவர்கள், “தகட்டைக் கழற்றிவிட்டு ட்வீட்டருக்குத் தனி ஆம்ப், வூஃபருக்குத் தனி ஆம்ப் கொடுத்துப் பார், சத்தம் எங்கேயோ போய்விடும்” என்று யாரோ சொல்லக் கேட்டவர்கள். இதற்குப் பை-ஆம்பிங் என்று பெயர். கூடவே இன்னொரு யோசனையும் இலவசமாக வரும்: “ஆர்.சி.ஏ. வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு பேலன்ஸ்டு வயருக்கு மாறு.”

இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டுமே பாதிதான் சொல்லப்படுகின்றன. மீதிப் பாதியைச் சொல்ல ஒரு வீடு வேண்டும். காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் தறி போட்ட வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். முன் ஹாலில் பட்டுத்தறி. தார் சுற்றும் ராட்டையில் தையல் மெஷின் மோட்டார். ஜக்கார்டைத் தூக்கவும் ஒரு மோட்டார். தறிக்கு மேலே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. பல்புகள், கரண்ட் போனால் கைகொடுக்க இன்வெர்ட்டர். கம்பத்திலிருந்து ஜன்னல் வழியாக இறங்கும் கேபிள் டி.வி. வயர். இத்தனையும் தாண்டி உள்ளறையில் டி.வி., ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். மின்சார இரைச்சல் என்றால் என்ன என்று படிக்க இதைவிட நல்ல பரிசோதனைக்கூடம் கிடைக்காது.

முதலில் ஸ்பீக்கர் பெட்டிக்குள் போவோம். ஒரே கூம்பால் 40 ஹெர்ட்ஸ் பேஸையும் 12,000 ஹெர்ட்ஸ் ஜால்ராவையும் ஒருசேர நன்றாக வாசிக்க முடியாது. பெரிய கூம்பு வேகமாக ஆடாது. சின்னது காற்றை அதிகம் தள்ளாது. ஆகவே தாழ்ந்த சுரங்களை வூஃபருக்கும் உயர்ந்தவற்றை ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிரிக்கும் சர்க்யூட்தான் கிராஸ்ஓவர். சாதாரண ஸ்பீக்கரில் அது பெட்டிக்குள்ளேயே, ஆம்ப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். 8 ஓம் யூனிட்டுகளை 2,500 ஹெர்ட்ஸில் பிரிக்கிற மிக எளிய கிராஸ்ஓவருக்கு இரண்டே பாகங்கள் போதும்: ட்வீட்டர் வழியில் சுமார் 8 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், வூஃபர் வழியில் அரை மில்லிஹென்றி காயில். கெபாசிட்டர் தாழ்ந்த சுரத்தை மறிக்கும். காயில் உயர்ந்ததை மறிக்கும்.

பிரிப்பது எளிது; பிரித்ததைச் சேர்ப்பதுதான் வித்தை. காஞ்சிப் பட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓடும். கரையும் உடலும் வேறு வேறு நிறம், ஆனால் சேருமிடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். தாழம்பூ ரேக்கில் அந்தச் சேர்க்கை ரம்பப் பல்லாக வெளியே தெரியும். கிராஸ்ஓவரிலும் வூஃபர் ஓர் இடத்தில் சட்டென்று நின்று, அதே இடத்தில் ட்வீட்டர் சட்டென்று தொடங்குவதில்லை. வூஃபர் மெல்ல இறங்க, ட்வீட்டர் மெல்ல ஏற, நடுவில் கொஞ்ச தூரம் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அந்தத் தூரத்தில் இரண்டின் அலைகளும் ஒரே கட்டத்தில் ஆடாவிட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மனிதக் குரலின் தெளிவு கணிசமாகத் தங்கியிருப்பது அந்த வட்டாரத்தில்தான்.

பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டர்–காயில் ஜோடிக்கு ஒரு பலவீனம் உண்டு. அவற்றின் கணக்கு ‘8 ஓம்’ என்று நம்பிப் போட்ட கணக்கு. 8 ஓம் என்று அச்சிட்ட வூஃபர் உண்மையில் ஒரு சுரத்தில் 6 ஓமாகவும் இன்னொன்றில் 30 ஓமாகவும் இருக்கும். உரக்க ஒலித்துச் சூடேறினால் மறுபடி மாறும். காயிலில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்கும் சொந்தமாகக் கொஞ்சம் தடை உண்டு. ஆம்ப்புக்கு வூஃபர் மேலிருக்கும் பிடி அந்த அளவுக்குத் தளர்கிறது. நல்ல ஸ்பீக்கர் கம்பெனிகள் இதையெல்லாம் அளந்து, கூடுதல் பாகங்கள் போட்டுச் சரிக்கட்டுகின்றன. ஆனாலும் அது சரிக்கட்டல்தான்.

இப்போது தகட்டைக் கழற்றிப் பை-ஆம்ப் செய்தால் என்ன கிடைக்கிறது? இங்கே ஒரு சின்னக் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கரில் தாழ்ந்த சுரம் ஒன்று உச்சத்தில் 10 வோல்ட் கேட்கிறது. அதே நேரத்தில் உயர்ந்த சுரம் ஒன்றும் 10 வோல்ட் கேட்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் 6.25 வாட். ஒரே ஆம்ப் இரண்டையும் சுமந்தால், இரண்டு உச்சங்களும் சந்திக்கும் கணத்தில் அது 20 வோல்ட் தர வேண்டும். 20 வோல்ட் உச்சம் தரக்கூடிய ஆம்ப் என்பது 25 வாட் ஆம்ப். ஆக, மொத்தம் பன்னிரண்டரை வாட் வேலைக்கு 25 வாட் ஆம்ப் தேவைப்படுகிறது. சுரங்களை முன்கூட்டியே பிரித்து இரண்டு ஆம்ப்புகளுக்குக் கொடுத்தால் 6.25 வாட்டில் இரண்டு போதும். சினிமாப் பாட்டில் ட்வீட்டரின் பங்கு வூஃபரைவிட மிகக் குறைவு என்பதால் நடைமுறையில் இவ்வளவு லாபம் வராது. ஆனால் இன்னொரு லாபம் உண்டு: பேஸ் தாங்காமல் வூஃபர் ஆம்ப் திணறி அலையின் தலையை வெட்டினாலும், அந்தக் கரகரப்பு ட்வீட்டருக்குப் போகாது.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ‘முன்கூட்டியே பிரித்து.’ கிராஸ்ஓவர் ஆம்ப்புக்கு முன்னால் வந்தால்தான் கணக்கு செல்லும். தகட்டைக் கழற்றி இரண்டு ஆம்ப் கொடுக்கிறவர்கள் செய்வது அதுவல்ல. அவர்களுடைய கிராஸ்ஓவர் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு ஆம்ப்புகளுக்கும் முழு சிக்னல்தான் போகிறது. ட்வீட்டருக்கான ஆம்ப்பும் அதே 20 வோல்ட்டைத் தந்தாக வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டர் பேஸை மறிப்பதால் கரண்ட் மட்டும்தான் குறைகிறது. ஆம்ப் வெட்டுவதோ பெரும்பாலும் வோல்டேஜை. கணக்கில் பார்த்த லாபம் இங்கே அநேகமாகப் பூஜ்யம்.

7.1 ரிசீவர்களில் பயன்படாமல் கிடக்கும் சரவுண்ட் பேக் சேனல்களை முன் ஸ்பீக்கருக்குத் திருப்பிவிட ‘பை-ஆம்ப்’ என்று ஒரு செட்டிங் இருக்கும். அதில் நிலைமை இன்னும் பரிதாபம். எல்லாச் சேனல்களுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே பவர் சப்ளை. ஒரே தொட்டியில் இன்னொரு குழாய் வைத்தால் தண்ணீர் கூடாது. இலவசமாக இருக்கிறது, போட்டுக்கொள்ளலாம். எதுவும் கெடாது, தகடுகளைக் கழற்ற மறக்காதவரை. மறந்தால் இரண்டு ஆம்ப்புகளின் வெளிமுனைகள் ஒன்றோடொன்று முட்டும். ரிசீவரின் பாதுகாப்பு சர்க்யூட் விழித்திருந்தால் பிழைத்தீர்கள்.

பை-ஆம்பிங் என்று சொல்லத் தகுந்ததைப் பார்க்க சினிமா தியேட்டருக்குப் போக வேண்டும். திரைக்குப் பின்னால் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களில் கீழே 15 அங்குல வூஃபர்கள், மேலே ஹார்ன். இரண்டுக்கும் தனித்தனி ஆம்ப். பிரிப்பது ஆம்ப்புக்கு முன்னாலேயே நடக்கிறது. 1983ல் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ படத்தோடு வந்த டி.எச்.எக்ஸ். தரம் இப்படிப்பட்ட மின்னணு கிராஸ்ஓவரைத் தியேட்டர்களில் வலியுறுத்தியது. அதை வகுத்தவர் டாம்லின்சன் ஹோல்மன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1976ல், ஹியூலெட்-பேக்கர்டில் வேலை பார்த்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், தன் சக பொறியாளர் ரஸ் ரைலியோடு சேர்ந்து உருவாக்கிய கிராஸ்ஓவர் வடிவத்தை வெளியிட்டிருந்தார். பிரியுமிடத்தில் இரண்டு பக்கமும் சரியாகப் பாதி வோல்டேஜுக்கு இறங்கியிருக்கும். இரண்டும் ஒரே கட்டத்தில் ஆடுவதால், சேர்த்தால் மேடு பள்ளம் இல்லாமல் முழுதாகிவிடும். இன்று உலகத்து மேடை ஸ்பீக்கர்களில் பெரும்பகுதி லிங்க்விட்ஸ்-ரைலி பேரைச் சொல்லித்தான் ஓடுகிறது.

1995ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவிலும் 1996ல் ‘கறுப்பு ரோஜா’ டி.டி.எஸ்.ஸிலும் வந்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் ஒவ்வொன்றாகப் புது ஒலிக்கு மாறத் தொடங்கின. ரசிகர்கள் பேசியதெல்லாம் பின்னால் கேட்ட துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி. புரொஜெக்டர் அறையிலிருந்து திரைக்குப் பின்னால் வரை ஒலியைக் கொண்டுபோன மெல்லிய வயரைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் விஷயத்தின் மறுபாதி அந்த வயர்.

மறுபடி வீட்டுக்கு வருவோம். ஆம்ப் இரண்டானால் இரண்டு பிளக். மின்னணு கிராஸ்ஓவர் சேர்ந்தால் மூன்று. ரிசீவர், டி.வி., செட்டாப் பாக்ஸ், சப்வூஃபர் என்று எண்ணினால் ஏழுக்குக் குறையாது. இதில் எர்த் பின் உள்ளவை ஒவ்வொன்றும் சுவரின் எர்த் கம்பியோடு சேர்கின்றன; சிக்னல் வயர்கள் வழியாகத் தங்களுக்குள்ளும் சேர்கின்றன. இப்படி உருவாகும் வளையம்தான் எர்த் லூப். தறி ஹாலில் உள்ள பிளக்கின் எர்த்துக்கும் உள்ளறைப் பிளக்கின் எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும், வளையத்தில் கரண்ட் ஓடும். கேபிள் டி.வி. வயர் கம்பத்தில் வேறோர் இடத்தில் எர்த் ஆகியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆர்.சி.ஏ. வயரில் இரண்டே கடத்திகள்: நடுக்கம்பி, சுற்றிலும் வலை. சிக்னல் நடுக்கம்பியில் போய் வலை வழியாகத் திரும்புகிறது. எர்த் லூப் கரண்டும் அதே வலையில்தான் ஓடுகிறது. வலைக்கும் பின்களுக்கும் சேர்த்து 0.1 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிஆம்பியர் கரண்ட் அதில் 1 மில்லிவோல்ட்டை உண்டாக்கும். அந்த 1 மில்லிவோல்ட் சிக்னலோடு நேராகக் கூடிவிடுகிறது. வீட்டுக் கருவிகளின் சராசரி சிக்னல் அளவு 316 மில்லிவோல்ட். சண்டைக் காட்சியில் அந்த 1 மில்லிவோல்ட் தெரியாது. மழைக்குப் பிந்தைய அமைதிக் காட்சியில், ஒலி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும்போது, வசனத்தைவிட ‘ம்ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல், அதாவது ஹம், பெரிதாகக் கேட்கும். ராட்டை மோட்டாரின் பிரஷ் தீப்பொறியும் எல்.இ.டி. டிரைவர்களின் கிறீச்சலும் அதே வழியில் ஏறிக்கொள்ளும்.

கிராஸ்ஓவரை ஆம்ப்புக்கு முன்னால் நகர்த்திப் பை-ஆம்ப் செய்தவருக்கு இதில் கூடுதல் தொல்லை ஒன்று. பெட்டிக்குள் கிராஸ்ஓவர் இருந்தவரை, ட்வீட்டருக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். ட்வீட்டர் வூஃபரைவிடச் சத்தமானது என்பதால் அதை அடக்க. அந்த ரெசிஸ்டர் இரைச்சலையும் சேர்த்தே அடக்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி ட்வீட்டரை ஆம்ப்போடு நேராகச் சேர்த்தால், வழியில் ஏறிய ஒவ்வொரு கிறீச்சலும் காதருகே வந்துவிடும். ஆம்ப்பை முன்னேற்றியவர் வயரையும் முன்னேற்ற வேண்டியிருப்பது இதனால்தான். இரண்டு யோசனைகளையும் தனித்தனியாகச் சொல்கிறவர்கள் விட்டுவிடும் கண்ணி இது.

பேலன்ஸ்டு வயரின் கதை ஒலிப்பெட்டிகளுக்கு முந்தையது. ஆரம்பகாலத் தொலைபேசிக்கு ஒரே கம்பி. திரும்பும் வழி பூமி. ஊருக்குள் மின்சார விளக்கும் டிராமும் வந்ததும் அவற்றின் இரைச்சல் எல்லாம் பூமி வழியாகப் போனுக்குள் புகுந்தது. (சென்னையில் தொலைபேசி இணைப்பகம் 1882ல் வந்தது, மின்சார டிராம் 1895ல்.) இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி இழுக்கும் முறைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். முறுக்கிய ஜோடியில் எந்தக் கம்பியும் நிரந்தரமாக இரைச்சலுக்குப் பக்கத்தில் இருப்பதில்லை; இரண்டும் சம அளவு வாங்கிக்கொள்கின்றன. மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தால், சமமாக ஏறியது கழிந்துவிடும்.

இன்றைய பேலன்ஸ்டு வயரும் இதேதான்: முறுக்கிய இரண்டு கம்பிகள், மேலே ஒரு வலை. வலை இப்போது சிக்னலைச் சுமப்பதில்லை, காவல் மட்டும். முனையில் இருப்பது எக்ஸ்.எல்.ஆர். பின். கண்டுபிடித்த அமெரிக்கக் கம்பெனியின் பேரை வைத்து நம் மைக் செட் காரர்கள் அதைக் ‘கேனான்’ என்றே சொல்வார்கள். 1-ம் பின் வலைக்கு, 2-ம் பின் நேர்ச் சிக்னலுக்கு, 3-ம் பின் எதிர்ச் சிக்னலுக்கு. காஞ்சிபுரத்தில் எந்தத் திருவிழா மேடையிலும் பாருங்கள்: மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட், மிக்சர் இருப்பது கூட்டத்துக்கு அந்தப் பக்கம், நடுவே ஜெனரேட்டர், சீரியல் பல்பு, மின்கம்பி எல்லாவற்றையும் தாண்டி ஐம்பது மீட்டர் வயர் தரையில் கிடக்கிறது. கேனான் போட்டிருப்பதால்தான் பாட்டு பாட்டாக வந்து சேருகிறது. ஹோம் தியேட்டர்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுவதை மைக் செட் காரர்கள் எப்போதிலிருந்தோ தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கே தீர்த்துவிடலாம். ‘ஒரு கம்பியில் நேர் அலை, மறு கம்பியில் தலைகீழ் அலை, அதனால்தான் இரைச்சல் கழிகிறது’ என்று பலர் எழுதுகிறார்கள். இரைச்சல் கழிவதற்கும் அலை தலைகீழாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு கம்பிகளுக்கும் பூமியைப் பார்த்த தடை சமமாக இருக்க வேண்டும். பேலன்ஸ் என்பது அதுதான். ஒரு கம்பியில் சிக்னலே இல்லாவிட்டாலும், தடை சமமாக இருந்தால் இரைச்சல் அதேபோல் கழியும். ஜென்சன் டிரான்ஸ்ஃபார்மர்ஸின் பில் விட்லாக் இதை ஆண்டுக்கணக்கில் விளக்கி எழுதியவர். தடை பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு இதோ அளவு: வாங்கும் முனையில் நான்கு ரெசிஸ்டர்கள் வைத்த எளிய சர்க்யூட்டில், அவை 1 சதவீதத் துல்லியம் உள்ளவையென்றால், மிக மோசமான சேர்க்கையில் இரைச்சல் ஐம்பதில் ஒரு பங்காகத்தான் குறையும். 0.1 சதவீதத் துல்லியம் என்றால் ஐந்நூறில் ஒரு பங்கு. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் வைத்த உள்முனையில் லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போகும். பின்னால் எக்ஸ்.எல்.ஆர். ஓட்டை இருப்பதால் மட்டும் உள்ளே நல்ல சர்க்யூட் இருக்கிறது என்று அர்த்தமில்லை. விலை மலிந்த சில ஆம்ப்புகளில் 3-ம் பின்னை உள்ளேயே எர்த்தோடு சேர்த்துவிட்டு ‘பேலன்ஸ்டு’ என்று அச்சடித்திருப்பார்கள்.

பை-ஆம்ப் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று லெவல். பல கருவிகளில் எக்ஸ்.எல்.ஆர். வெளிமுனை ஆர்.சி.ஏ. வெளிமுனையைப்போல் இரண்டு மடங்கு வோல்டேஜ் தரும், அதாவது 6 டெசிபெல் கூடுதல். வூஃபர் ஆம்ப்பை எக்ஸ்.எல்.ஆரிலும் ட்வீட்டர் ஆம்ப்பை மிச்சமிருந்த ஆர்.சி.ஏ.யிலும் மாட்டினால், பேஸ் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், குரல் கம்பளிக்குள் போய்விடும். இரண்டு ஆம்ப்புகளும் வேறு வேறு மாடல் என்றால் அவற்றின் பெருக்கமும் வேறாக இருக்கும். மல்டிமீட்டரை வைத்து ஒரே சிக்னலுக்கு இரண்டும் ஒரே வோல்டேஜ் தருகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது.

வீட்டு ரிசீவர்களில் வெளி ஆம்ப்புக்கான வெளிமுனை (ப்ரீ-அவுட்) இருந்தால் பெரும்பாலும் அது ஆர்.சி.ஏ.தான், எக்ஸ்.எல்.ஆர். வெளிமுனை விலை கூடியவற்றில் மட்டும். அப்படியானால் பேலன்ஸ்டு வயரின் பலன் கிடைக்காதா? பெருமளவு கிடைக்கும், வயரைச் சரியாகக் கட்டினால். கடைகளில் விற்கும் பல ரெடிமேட் ஆர்.சி.ஏ.–கேனான் வயர்களுக்குள் ஒற்றைக் கம்பியும் வலையும்தான் இருக்கும். கேனான் முனையில் 1-ஐயும் 3-ஐயும் பற்றவைத்து ஒன்றாக்கியிருப்பார்கள். அது கேனான் தொப்பி போட்ட ஆர்.சி.ஏ. வயர், வேறொன்றுமில்லை. அதற்குப் பதில் மைக் செட் கடைகளில் கிடைக்கும் இரண்டு கம்பி மைக் வயரை வாங்குங்கள். ஆர்.சி.ஏ. பின்னின் நடுமுனையிலிருந்து ஒரு கம்பி 2-க்குப் போகட்டும். ஆர்.சி.ஏ.யின் வெளி வளையத்திலிருந்து இரண்டாவது கம்பி 3-க்குப் போகட்டும். வலை அதே வெளி வளையத்திலிருந்து 1-க்குப் போகட்டும். இப்போது எர்த் லூப் கரண்ட் வலையில் ஓடும். சிக்னலின் திரும்பு வழி தனிக் கம்பியில் இருக்கும். 1 மில்லிவோல்ட் வலையில் உண்டானாலும் வாங்கும் முனை அதைக் கழித்துவிடும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்குக் கால் மணி நேர வேலை. ஹோம் தியேட்டர் ஹம்முக்கு நான் அறிந்தவரை செலவுக்கேற்ற பலன் தரும் மருந்து இதுதான்.

நீள வீடுகளில் இதற்கு இன்னொரு உபயோகமும் உண்டு. ரிசீவரும் ஸ்பீக்கரும் பத்து மீட்டர் தள்ளி இருந்தால், 1.5 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் வயர் போய்த் திரும்பும் தடை 0.23 ஓம். பேலன்ஸ்டு வயரைப் பத்து மீட்டர் இழுத்து, ஆம்ப்பை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டால் ஸ்பீக்கர் வயர் ஒரு மீட்டரில் முடிந்துவிடும். ஒன்றரை மீட்டர் தூரத்தில் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்கி, ஹம்மும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பவர் வயரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மாற்றினால் வித்தியாசம் கேட்காது. கேட்பதாகச் சொல்வார், அது மனிதச் சுபாவம்.

ஸ்பீக்கரைப் பிரித்து, உள்கிராஸ்ஓவரைக் கழற்றி, மின்னணு கிராஸ்ஓவர் வைத்து முழு பை-ஆம்ப் செய்யத் துணிகிறவர்களுக்கு எச்சரிக்கை. தொழிற்சாலை கிராஸ்ஓவர் பிரிப்பதோடு நிற்பதில்லை; அந்த யூனிட்டுகளின் மேடு பள்ளங்களையும் நிரவுகிறது. அதைக் கழற்றினால் நிரவும் வேலை உங்கள் தலையில். அளவு மைக், கம்ப்யூட்டர், பொறுமை மூன்றும் வேண்டும். வூஃபர் வயரும் ட்வீட்டர் வயரும் ஒரு தடவை மாறினால் ட்வீட்டர் அந்தக் கணமே போய்விடும். ஆம்ப்பை ஆன் செய்யும்போது வரும் ‘டொப்’ என்ற அடியிலிருந்தும் ட்வீட்டரைக் காக்க, அதன் வழியில் 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டுவைப்பது வழக்கம். 8 ஓமில் அது 420 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை மட்டும் மறிக்கும், மேலே 2,500-ல் நடக்கும் பிரிப்பைக் கெடுக்காது. ஆன் செய்யும்போது ஆம்ப் கடைசியாக. ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதலில்.

இவ்வளவும் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. யாரோ ஏற்கெனவே செய்து பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் மேஜை மேல் இருக்கும் பவர்டு மானிட்டர்கள் அவை. உதாரணத்துக்கு யமஹா எச்.எஸ்.5: வூஃபருக்கு 45 வாட் ஆம்ப், ட்வீட்டருக்கு 25 வாட் ஆம்ப், ஆம்ப்புகளுக்கு முன்னாலேயே 2,000 ஹெர்ட்ஸில் பிரிப்பு, பின்னால் கேனான் உள்முனை. அந்த யூனிட்டுகளுக்கென்றே அளந்து செய்த கிராஸ்ஓவர். ப்ரீ-அவுட் உள்ள ரிசீவரும், மேலே சொன்ன மாதிரி கட்டிய வயரும் இருந்தால், சின்ன அறைக்கு இது போதும். டவர் ஸ்பீக்கருக்கு இரண்டாவது ஆம்ப் வாங்க வைத்திருக்கும் பணத்தை இதற்குச் செலவழிக்கலாம் என்பது என் தீர்ப்பு.

அல்லது அறைக்குச் செலவழிக்கலாம். திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில் சங்கீத மண்டபம் என்றே ஒன்று இருக்கிறது. விஜயநகர அரசின் தளபதியும் அமைச்சருமான இருகப்பர், தன் குரு புஷ்பசேனர் சொன்னபடி 1387ல் கட்டியது. ஹம்பியில் கணிகித்தி ஜைனக் கோயிலை எழுப்பியவரும் அவரே. மண்டபத்துக்குப் போகிறவர்கள் விதானத்துச் சித்திரங்களைத்தான் பார்ப்பார்கள், டி.என். ராமச்சந்திரன் 1934ல் சென்னை அருங்காட்சியகத்துக்காக இந்தக் கோயில்களைப் பற்றி எழுதிய நூலின் பெருமளவு கவனமும் அவற்றின் மேல்தான். எனக்குத் தோன்றுவது வேறு. கருங்கல் தளமும் கல் தூண்களும் ஒலியை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகின்றன. ஆம்ப்பே இல்லாத காலத்தில், பாடுகிறவரின் குரலைத் தாங்கிப் பிடிக்க அது உதவும். நம் வீட்டு டைல்ஸ் தரையும் சிமெண்ட் சுவரும் செய்வதும் அதுவேதான். ஆனால் சினிமா வசனத்துக்கு அது எதிரி. முந்தைய சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழும். 1890களின் இறுதியில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி, ஓர் அரங்கின் எதிரொலி எப்படிக் குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் அந்த மெத்தைகளில்தான் பிறந்தது. ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் கனமான திரை, தரையில் தடித்த ஜமுக்காளம், மூலையில் ஒரு பஞ்சு மெத்தை. இவை தரும் வித்தியாசம் இரண்டாவது ஆம்ப் தருவதைவிடப் பெரிது. கேட்க ஆம்ப் கடைக்காரருக்குக் கசக்கும்.

கடைசியாக, எதை வாங்குவதற்கும் முன் செய்ய வேண்டியது. ஹம் இருக்கிறதா? முதலில் கேபிள் டி.வி. வயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து உருவிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். அந்த வழியில் போட ஐசோலேட்டர் கிடைக்கிறது. நிற்காவிட்டால் எல்லா பிளக்குகளையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டிப் பாருங்கள். தறி மோட்டாரும் ராட்டையும் இருக்கும் லைன் வேறாக இருக்கட்டும். பலர் இந்த இரண்டையும் செய்யாமல் நேராக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஹம் உண்மையிலேயே நிற்கும். ஆனால் ஆம்ப்புக்குள் ஏதாவது ஒரு கம்பி கழன்று பெட்டியைத் தொட்டால் 230 வோல்ட் அதன் உலோக உடம்பில் நிற்கும், ஆர்.சி.ஏ. வயரின் வலை வழியாக மற்ற கருவிகளுக்கும் போகும். தரையில் ஈரக்காலோடு நடமாடும் வீட்டில் இந்தக் காரியத்தைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் இன்றைக்கே பிளக்கை மாற்றிவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த் வேலை செய்கிறதா என்று ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.